பன்னிரண்டு கல்லும் காரியின் கையும்

உட்காருங்கள், உட்காருங்கள். கால் நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம். கொட்டாவி விடுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போய் விடுங்கள். எனக்கு அது உடனே தொற்றிக்கொள்ளும்.

வெகு வெகு காலத்துக்கு முன்னால், நம் கொள்ளுத் தாத்தாவின் கொள்ளுத் தாத்தா தொட்டிலில்கூடப் படுத்திராத காலத்தில், நெடுங்கரை என்று ஒரு நாடு இருந்தது. வாகைமாறன் என்று ஒரு ராஜா அதை ஆண்டார். நல்ல ராஜாதான். கோபம் வந்தால் மீசையைக் கடிப்பார். சிரிப்பு வந்தாலும் மீசையைக் கடிப்பார். பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் பாவம், எது எது என்று தெரியாமல் முழிப்பார்கள்.

அந்த நாட்டுக்கு ஒரே ஒரு ஏரி. பேர் ஆலம்பேரி. இந்தக் கரையில் நின்று பார்த்தால் அந்தக் கரையில் மேய்கிற எருமை எறும்பு மாதிரி தெரியும், அவ்வளவு பெரிசு. நாட்டில் விளைந்த நெல்லும் கரும்பும் வெற்றிலையும் அந்த ஏரி கொடுத்ததுதான்.

சோறு போடுகிற ஏரிதானே என்று அசட்டையாக இருந்துவிட முடியாது. பத்து வருஷத்துக்கு ஒரு தரம், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம், வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். ஏரி தளும்பும். அப்போது கரைக்கு அடியில் இருக்கிற பெரிய மதகைத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் கரை உடையும். கரை உடைந்தால் கீழே இருக்கிற ஏழு ஊரும் தண்ணீரோடு போகும்.

மதகைத் திறப்பது என்றால் வீட்டுக் கதவைத் திறப்பது மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அதைக் கட்டின சிற்பி மகா கெட்டிக்காரன். ரொம்பக் கெட்டிக்காரர்கள் பின்னால் வருகிறவர்களுக்கு ஏதாவது தொல்லை வைத்துவிட்டுத்தான் போவார்கள், அது உங்களுக்கும் தெரியும். இரண்டு ஆள் ஆழத்தில், தண்ணீருக்கு அடியில், ஒரு பெரிய கற்பலகை. அதில் வரிசைக்கு நாலாக மூன்று வரிசை, ஆக மொத்தம் பன்னிரண்டு துளை. ஒவ்வொரு துளையிலும் ஒரு அடைப்புக் கல்.

முங்கிப் போய் அந்தக் கற்களை ஒவ்வொன்றாகத் திருகி உருவ வேண்டும். அதுவும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நேராக இல்லை. நடு வரிசையில் இரண்டாவது, அப்புறம் கீழ் வரிசையில் கடைசி, அப்புறம் மேல் வரிசையில் முதல் என்று தாவித் தாவிப் போகிற ஒரு முறை. சிலதை வலப்பக்கம் திருகணும், சிலதை இடப்பக்கம் திருகணும். முறை தவறி ஒரே ஒரு கல்லை உருவினாலும் போச்சு. உள்ளே தண்ணீர் எதிரும் புதிருமாக மோதி மதகையே பெயர்த்துக்கொண்டு போகும். மதகு போனால் கரை போகும். கரை போனால் ஏழு ஊர் போகும்.

அந்த முறையை ஓலையில் எழுதக் கூடாது என்று சட்டம். எதிரி கையில் அது சிக்கினால் அவனுக்குப் படையே வேண்டாம், முங்கத் தெரிந்த ஒரே ஒரு ஆள் போதும், நாட்டை மூழ்கடித்துவிடுவான். அதனால் எந்தக் காலத்திலும் மூன்று பேர், மூன்றே மூன்று பேர், அதை மனசில் வைத்திருப்பார்கள். வெள்ளம் இல்லாத நாளில் மதகைத் தொடவும் கூடாது. தண்ணீர் வீணாகும் அல்லவா? கற்றுக்கொள்வதற்கென்று அரண்மனை முற்றத்தில் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு கல்மேடை போட்டு வைத்திருந்தார்கள்.

வாகைமாறன் காலத்தில் அந்த வேலைக்கு வந்தவர்கள் சாத்தன், தத்தன், காரி. முன்னே இருந்த மூன்று பேரில் மிஞ்சின ஒரு கிழவர்தான் மேற்பார்வைக்காரராக இருந்து சொல்லிக் கொடுத்தார்.

சாத்தன் மின்னல். சொன்னதைச் சொல்லி முடிப்பதற்குள் பிடித்துக்கொள்வான். தத்தன் அவனுக்கு ஒரு படி கீழே, ஆனால் ரோஷக்காரன். காரி இருக்கிறானே, காரி, அவன் நல்ல முங்கு நீச்சல்காரன், நல்ல உழைப்பாளி, மற்றபடி ஒரு விஷயம் அவன் தலைக்குள் போக மாட்டுவண்டி ஊர் போய்ச் சேருகிற நேரம் பிடிக்கும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு, தப்பே இல்லாமல், மூன்று தரம் பன்னிரண்டு கல்லையும் எடுத்துக் காட்ட வேண்டும். அதுதான் சோதனை. சாத்தன் மூன்றே நாளில் எடுத்துக் காட்டினான். தத்தன் ஏழு நாளில் எடுத்துக் காட்டினான். காரிக்கு முப்பது நாள் ஆயிற்று. இருபதாம் நாளே மேற்பார்வைக்காரர், "ஏம்ப்பா, உனக்கு வேற வேலை ஏதாவது பார்த்துக் கொடுக்கட்டுமா?" என்று பரிதாபமாகக் கேட்டார். காரி தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். முப்பதாம் நாள் அவனும் தேறினான்.

ராஜா மூன்று பேருக்கும் தலைப்பாகை கட்டினார். சாத்தன் முதல் ஆள், தத்தன் இரண்டாம் ஆள், காரி மூன்றாம் ஆள். அன்றைக்கே சாத்தன் கல்மேடையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். "இனிமே நீ யாரோ, நான் யாரோ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தத்தன் ஒரு வாரம் வந்து பார்த்தான். ஒரு தப்பும் வரவில்லை. "தெரிஞ்சதையே திரும்பத் திரும்பப் பார்க்க நான் என்ன பைத்தியமா?" என்று அவனும் நின்றுவிட்டான்.

மறுநாள் காலையில் மேடையில் ஒரே ஒரு ஆள் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேறு யார்? காரிதான்.

அதற்கு அடுத்த நாளும் அவன்தான். அதற்கு அடுத்த நாளும் அவன்தான். கற்றுக்கொள்ள முப்பது நாள் ஆயிற்றே, கற்ற பிறகு இன்னொரு முப்பது நாள் அதையே செய்தான். ஒரு தப்பு இல்லை. தப்பு இல்லாததையே செய்தான். அரண்மனைக் காவல்காரர்களுக்கு அவனைக் கேலி பண்ணுவதே பொழுதுபோக்கு. "காரியண்ணே, அசைபோட்டது போதும், கொட்டிலுக்குப் போங்க" என்பார்கள்.

அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று யாரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன்.

காரிக்குத் தும்பை என்று ஒரு பெண் குழந்தை. அவளுக்கு இரண்டு வயசாக இருக்கும்போது வழியில் பார்த்த ஒரு வைத்தியர், பிள்ளைக் காய்ச்சலுக்கு ஒரு கஷாயம் சொல்லிக் கொடுத்தார். ஏழு மூலிகை, இன்னதற்குப் பிறகு இன்னது என்று. காரி அங்கேயே நின்று மூன்று தரம் திருப்பிச் சொன்னான். மூன்று தரமும் சரி. "அப்பாடா, வந்துட்டுது" என்று வீட்டுக்கு வந்துவிட்டான். மூன்று மாசம் கழித்துத் தும்பைக்கு உடம்பு கொதித்தது. காரி அடுப்பை மூட்டி, சட்டியை வைத்து, தண்ணீரை ஊற்றினான். ஐந்து மூலிகை நினைவுக்கு வந்தது. இரண்டு வரவில்லை.

எவ்வளவோ யோசித்தான். தலையில் அடித்துக்கொண்டான். வரவில்லை என்றால் வரவில்லை. வைத்தியரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வருவதற்குள் நாலு நாள் போய்விட்டது. பிள்ளை பிழைத்தாள். ஆனால் இடது கால் சூம்பிவிட்டது. அவள் சாய்ந்து சாய்ந்து நடப்பதைப் பார்க்கிறபோதெல்லாம் காரி தன்னையே கேட்டுக்கொள்வான். சொன்ன நாளில் சரியாகச் சொன்னோமே, கேட்ட நாளில் எங்கே போயிற்று? இந்தக் கேள்வி அவனை விடவே இல்லை.

அவன் வீடு எங்கே தெரியுமா? ஏரிக்கரைக்கு நேர் கீழே, கீழைத் தெருவில், முதல் வீடு. கரை உடைந்தால் தண்ணீர் முதலில் தட்டுகிற கதவு அவன் வீட்டுக் கதவுதான்.

இப்போது புரிகிறதா? "ஒரு தரம் எனக்கு வந்துட்டுதுன்னு நம்பி ஏமாந்தவன் நான். இன்னொரு தரம் ஏமாற மாட்டேன்" என்று மனைவி நல்லியிடம் மட்டும் சொன்னான்.

முப்பது நாளுக்குப் பிறகு தினமும் போவதை நிறுத்தினான். அமாவாசைக்கு அமாவாசை போவதென்று வைத்துக்கொண்டான். அதுவும் ஐந்து வருஷம்தான் நடந்தது. ஆறாம் வருஷம் ராணியம்மாவுக்கு ஊஞ்சல் மண்டபம் கட்ட ஆசை வந்தது. மண்டபத்துக்குக் கல் வேண்டும். முற்றத்தில் கல்மேடை சும்மாதானே கிடக்கிறது! "மூன்று பேருக்கும்தான் முறை தெரியுமே, மேடை எதற்கு?" என்றார் ராஜா. மேடையைப் பெயர்த்து மண்டபத்துக்குத் தூணாக்கிவிட்டார்கள். ராஜா என்பதால் நான் அவரைத் திட்டாமல் விடுகிறேன், நீங்கள் வேண்டுமானால் மனசுக்குள் திட்டிக்கொள்ளுங்கள்.

காரி என்ன செய்தான்? வீட்டு அடுக்களையில் பன்னிரண்டு பானையை எடுத்தான். வரிசைக்கு நாலாக மூன்று வரிசை அடுக்கினான். பானைக்கு ஒரு மூடி. கண்ணைக் கட்டிக்கொண்டு மூடிகளைத் திருகித் திருகி எடுத்தான். முதல் நாளே தயிர்ப் பானை கவிழ்ந்தது.

"இந்தாங்க, ஊர்ல ஆம்பளைங்க தாயம் ஆடுறாங்க, சேவல் விடுறாங்க. நீங்க என் பானையை உருட்டுறீங்க" என்று நல்லி தலையில் கை வைத்தாள். வைத்துவிட்டு, தயிர்ப் பானையை வேறு இடத்தில் மாற்றி வைத்து, அங்கே ஒரு காலிப் பானையையும் வைத்துக் கொடுத்தாள். மனசு வெள்ளை, வாய்தான் அப்படி.

தும்பைக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. அப்பா கண்ணைக் கட்டிக்கொண்டால் அவளுக்குக் கொண்டாட்டம். காதுக்குள் கூக்குரல் போடுவாள். விலாவில் கிச்சுகிச்சு மூட்டுவாள். கடைசியில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவாள். காரி ஐயையோ என்று துள்ளுவான், ஆனால் கை மட்டும் அடுத்த மூடிக்குப் போய்க்கொண்டே இருக்கும். "எப்படிப்பா தப்பே வரலே?" என்பாள் ஏமாற்றத்தோடு. "எனக்கே தெரியலே பாப்பா, அது பாட்டுக்குப் போகுது" என்பான் அவன்.

ஒன்றே ஒன்று. நடுவில் நிறுத்திவிட்டு, "ஏழாவது எதுப்பா?" என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. திருதிருவென்று முழிப்பான். மறுபடி முதல் பானையிலிருந்து ஆரம்பித்தால் ஏழாவது தானாக வந்துவிடும். சாத்தனுக்கு இதைக் கேள்விப்பட்டுச் சிரிப்புத் தாங்கவில்லை. "அவனை எங்கேயாவது நடுவில் இறக்கிவிட்டால் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பான்" என்று தத்தனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

இப்படியே, தலைப்பாகை கட்டின நாளிலிருந்து ஒன்பது வருஷம் போயிற்று. தும்பைக்குப் பதினாலு வயசாயிற்று. மூன்று பேருக்கும் காதோரம் நரைத்தது. ஏரி பூனைக்குட்டி மாதிரி சாதுவாகக் கிடந்தது.

ஒன்பதாம் வருஷத்து ஐப்பசியில் மழை பிடித்தது.

முதல் நாள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். இரண்டாம் நாள் ஓட்டைக் கூரைகளைத் திட்டினார்கள். மூன்றாம் நாள் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாம் நாள் உச்சிப் பொழுதுக்கு ஏரி, கரையின் மேல் விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்றது. தண்ணீர் செம்மண் கரைந்து, கரைத்த காவி மாதிரி கெட்டியாக இருந்தது. முங்கினால் தன் கையே தனக்குத் தெரியாது.

முரசு அடித்தார்கள். ஏழு ஊர் சனமும் மேட்டுக்கு ஓடியது. கீழைத் தெரு முப்பது வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஓட வழி இல்லை. தெருவைச் சுற்றி ஓடுகிற ஓடை பெருக்கெடுத்து, கரைக்கும் மேட்டுக்கும் போகிற வழியை அடைத்துவிட்டது. காரி கரைமேல் நின்று பார்த்தான். கீழே தன் வீட்டுக் கூரை மேல் நல்லி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தும்பை. அவள் கரையைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

ராஜா நனைந்துகொண்டே கரைக்கு வந்தார். "முதல் ஆள்!" என்றார்.

சாத்தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். முகத்தில் பயம் இல்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தான். ஒரு மூச்சுக்கு மூன்று கல் எடுக்கலாம். முங்கினான். முதல் கல், இரண்டாம் கல், மூன்றாம் கல். மேலே வந்தான். "மூணு!" என்று கத்தினான். சனங்கள் ஆரவாரம் செய்தார்கள். மறுபடி முங்கினான்.

இந்தத் தடவை வெறுங்கையோடு வந்தான். மறுபடி முங்கினான். மறுபடி வெறுங்கை. கரையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். "நாலாவது... மேல் வரிசைன்னு தெரியும் மகாராஜா. மூணாவது கல்லா, நாலாவது கல்லான்னு..." கரையைக் கையால் குத்தினான். "அன்னிக்குத் தெரிஞ்சுதே! மூணே நாள்ல தெரிஞ்சுதே!"

குருட்டடியாக ஒன்றை உருவாமல் மேலே வந்தானே, அதற்காக அவனை நான் பாராட்டுவேன்.

"இரண்டாம் ஆள்!" என்றார் ராஜா. அவர் மீசையைக் கடித்தார். அது கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

தத்தன் முங்கினான். நாலாவது எது என்று அவனுக்கு வந்தது. ஐந்தாவது வந்தது. மேலே வந்து மூச்சு வாங்கி மறுபடி முங்கினான். வெகு நேரம் கழித்து வந்தான், உதடு நீலமாயிருந்தது. "எத்தனை?" என்றார் ராஜா. தத்தன் ஒரு கணம் தயங்கினான். "ஏழு" என்றான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "எட்டாவது எனக்குத் தெரியலே" என்று சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்துவிட்டது. கரை லேசாக அதிர ஆரம்பித்தது. நின்றிருந்தவர்களின் உள்ளங்காலுக்கு அது தெரிந்தது. சொல்லிக் கொடுத்த கிழவர் போய்ச் சேர்ந்து வெகு நாளாயிற்று. ஓலை இல்லை. கல்மேடை இல்லை, அது ஊஞ்சல் மண்டபத்தில் தூணாக நிற்கிறது. மிச்சம் இருந்தது காரி ஒருத்தன்தான்.

ராஜா அவன் தோளைப் பிடித்தார். "காரி, எட்டாவதிலிருந்து. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஐந்தே கல். சீக்கிரம்!"

காரி யோசித்தான். எட்டாவது எது? தலைக்குள் தேடினான். ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது. அன்றைக்குக் கஷாயச் சட்டிக்கு முன்னால் நின்றானே, அதே மாதிரி. கீழே கூரையைப் பார்த்தான். தும்பை இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"மன்னிக்கணும் மகாராஜா" என்றான். "எனக்கு நடுவிலேருந்து வராது. முதல்லேருந்துதான் வரும்."

"முதல் ஏழும் எடுத்தாயிற்றே! காலித் துளையைத் தடவிக்கொண்டிருக்க நேரம் எங்கே இருக்கிறது?"

"வேற வழி தெரியாது எனக்கு" என்று சொல்லிவிட்டு அவன் முங்கிவிட்டான்.

உள்ளே இருட்டு. காதுக்குள் வெள்ளத்தின் இரைச்சல். சில்லென்ற தண்ணீர் மண்டையில் அறைந்தது. காரி கற்பலகையைத் தொட்டான். தொட்டதும் கை தானாக நகர்ந்தது. நடு வரிசையில் இரண்டாவது. காலித் துளை, தண்ணீர் கையை உள்ளே இழுத்தது, வெடுக்கென்று பறித்துக்கொண்டான். கீழ் வரிசையில் கடைசி. காலி. மேல் வரிசையில் முதல். காலி. மேலே வந்து மூச்சு வாங்கினான்.

"எத்தனை எடுத்தாய்?" என்றார் ராஜா. "இன்னும் ஒண்ணும் எடுக்கலே" என்றான் காரி. கரையில் கூச்சல் கிளம்பியது.

மறுபடி முங்கினான். விட்ட துளையைத் தொட்டதும் கை தானாக அடுத்ததுக்குப் போயிற்று. நாலாவது துளை காலி. ஐந்தாவது காலி. ஆறாவது காலி. மேலே வந்தான். "எத்தனை?" "ஒண்ணும் எடுக்கலே." ஒருத்தன் மண்ணாங்கட்டியை எடுத்து அவன் மேல் வீசினான். "ஐயோ, இந்த மந்தனை நம்பி நாசமாப் போறோமே!" என்று ஒரு பெண் வயிற்றில் அடித்துக்கொண்டாள். பாவம், அவள் பிள்ளைகளும் கீழைத் தெருவில்தான் இருந்தார்கள்.

மூன்றாம் தரம் முங்கினான். கை ஆறாவது துளையைத் தாண்டி ஏழாவதுக்குப் போயிற்று. கீழ் வரிசையில் இரண்டாவது. கையை இழுக்கப்போகிறது என்று அவன் கையைத் தளர்த்தினான்.

இழுக்கவில்லை. கல் இருந்தது.

ஏழாவது கல் அங்கேயே இருந்தது! தத்தன் எடுத்தது ஆறுதான். ஏழு என்று சொன்னது வாய். காரி மட்டும் ராஜா சொன்னபடி எட்டிலிருந்து ஆரம்பித்திருந்தால், ஏழை விட்டுவிட்டு எட்டை உருவியிருப்பான். மதகு போயிருக்கும், கரை போயிருக்கும், நானும் இந்தக் கதையை இங்கேயே முடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

காரிக்கு அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. ஏழாவதை இடப்பக்கம் திருகி உருவினான். கை நிற்கவில்லை. எட்டாவதுக்குப் போயிற்று, வலப்பக்கம். ஒன்பதாவதுக்குப் போயிற்று, வலப்பக்கம். எட்டாவது எது என்று அப்போது கேட்டிருந்தாலும் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அடுக்களையில் பானைகள் மட்டும்தான் தெரிந்தன. தும்பை காதுக்குள் கத்துகிற மாதிரி இருந்தது, தலையில் செம்புத் தண்ணீரை ஊற்றுகிற மாதிரி இருந்தது. கை அது பாட்டுக்குப் போயிற்று.

மேலே வந்தான். "மூணு எடுத்தேன்!" என்றான். நாலாம் தரம் முங்கினான். பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

கடைசிக் கல் வந்ததும் பூமிக்கடியில் இடி உருண்ட மாதிரி ஒரு சத்தம். ஊருக்கு அப்பால் இருக்கிற பெரிய வாய்க்காலில் செந்தண்ணீர் பாய்ந்து ஆற்றை நோக்கி ஓடியது. கயிற்றை இழுத்து அவனைத் தூக்கினார்கள். கரையின் அதிர்வு நின்றது. தண்ணீர் விளிம்பிலிருந்து ஒரு சாண் இறங்கியது, ஒரு முழம் இறங்கியது. காரி மல்லாந்து கிடந்தான். சிரித்தானா அழுதானா என்று கேட்காதீர்கள், மழையில் எல்லாம் ஒன்றுதான்.

பொழுது சாய்வதற்குள் ஓடை வடிந்தது. மண்ணாங்கட்டி வீசினவன் ஓடிப் போய்த் தும்பையைத் தோளில் சுமந்துகொண்டு கரைக்கு வந்தான். அவள் அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரலெல்லாம் தோலுரிந்து கிடந்தது. "அப்பா, முறை மறந்துபோச்சா?" என்றாள் மெதுவாக.

"மறந்துபோச்சு பாப்பா, எல்லாம் மறந்துபோச்சு" என்றான் காரி. "இந்தக் கை மட்டும் மறக்கலே."

அவளுக்கு அது போதும். அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

தத்தன் எழுந்து வந்து ராஜா காலில் விழுந்தான். "ஆறா, ஏழான்னு எனக்குச் சந்தேகம் மகாராஜா. சாத்தனை விட நிறையச் சொல்லணும்னு ஏழுன்னு சொல்லிட்டேன். என் ரோஷம் ஏழு ஊரையும் தின்னிருக்கும்" என்று தேம்பினான். சாத்தன் தலைப்பாகையை அவிழ்த்துக் காரியின் பக்கத்தில் வைத்தான். "நான்தான் முதல்ல கத்துக்கிட்டேன். முதல்ல தொலைச்சதும் நான்தான்" என்றான்.

ராஜா தத்தனைத் தூக்கி நிறுத்தினார். பிறகு, "மேடையைப் பெயர்த்தவன் நான். தண்டனை கொடுக்க ஆரம்பித்தால் முதலில் எனக்குத்தான் கொடுத்துக்கொள்ள வேண்டும்" என்றார். "காரி, இனி நீதான் முதல் ஆள். வேறு என்ன வேண்டும், கேள்."

காரி தலையைச் சொறிந்தான். "மகாராஜா, ஊஞ்சல் மண்டபத்துத் தூணைத் திரும்பக் கொடுக்கணும். மேடையை மறுபடி போடணும். சாத்தனையும் தத்தனையும் நீக்கக் கூடாது. அவங்களை மாதிரி சீக்கிரம் புரிஞ்சுக்கிறவங்க கிடைக்க மாட்டாங்க. ஆனா, தெரிஞ்ச பிறகும் அமாவாசைக்கு அமாவாசை மூணு பேரும் வந்து கண்ணைக் கட்டிக்கிட்டு எடுக்கணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் வீட்டுக்காரிக்குப் பன்னிரண்டு புதுப் பானையும் வேணும்" என்றான்.

ராஜா மீசையைக் கடித்தார். இந்தத் தடவை எல்லோருக்கும் தெரிந்தது, அது சிரிப்புத்தான்.

அடுத்த அமாவாசை விடிந்ததும் காரி கல்மேடைக்குப் போனான். அவனுக்கு முன்னாலேயே சாத்தன் அங்கே கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டாம் கல்லை எடுத்து வைத்துவிட்டு, "சரியா இருக்கா?" என்றான். "சரியா இருக்கு" என்றான் காரி. "அப்ப இன்னொரு தரம்" என்று சாத்தன் மறுபடி முதல் கல்லில் கை வைத்தான். அப்பாவோடு வந்திருந்த தும்பை ஒரு செம்பு தண்ணீரோடு அவன் பின்னால் போய் நின்றாள்.

அதனால் பெரியவர்களே, சின்னவர்களே, இந்தக் கதை சொல்லுகிற நீதி இதுதான்: வந்துவிட்டது என்று நிறுத்தினவனுக்குப் பாடம் அன்றைக்கு மட்டும்தான் சொந்தம், வந்த பிறகும் விடாமல் பழகினவனுக்கே அது ஆயுசு முழுக்க, பயத்திலும் இருட்டிலும்கூட, கைகொடுக்கும்.